வாசல் கணக்கு

சிங்கப்பூருக்குப் படிக்க வந்த முதல் ஆண்டு முழுக்க நான் இந்தத் தீவை விட்டு எங்கேயும் போகவில்லை. வந்தது 2022 ஆகஸ்ட்டில். செப்டம்பர் கடைசியில் ரிசெஸ் வாரம் வந்தது. பருவத்தின் நடுவே அந்த ஒரு வாரம் வகுப்பு கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலேயே விடுதி காலியாகத் தொடங்கிவிட்டது. தாழ்வாரத்தில் பெட்டிகளின் சக்கரச் சத்தம் ராத்திரி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. என் அறைத்தோழி பாங்காக் போனாள். எதிர் அறைப் பெண் பாலிக்குப் போனாள். நான் சோறு வடித்து, ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா போனில் கேட்டார். "நீ எங்கயும் போகலையாம்மா?"

"படிக்க நிறைய இருக்குப்பா."

படிக்க இருந்தது உண்மைதான். போகாததற்குக் காரணம் அது இல்லை. கல்விக் கடன் வாங்கித்தான் வந்திருக்கிறேன். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு இருப்பது ஆற்றுத் தண்ணீரை நம்பிய கொஞ்சம் நிலம். இங்கே எதை வாங்கினாலும் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ரூபாயாக்க 60-ஆல் பெருக்கிப் பார்க்காமல் அப்போது கை நீளாது. அந்த நிலையில் ஊர் சுற்றுவது என்பது அப்பாவின் வியர்வையில் செய்கிற ஆடம்பரமாகத்தான் எனக்குப் பட்டது.

இப்போது நான்காம் ஆண்டு. இதற்குள் மலாக்கா, கோலாலம்பூர், பினாங்கு, ஈப்போ எல்லாம் போய் வந்துவிட்டேன். கடன் கூடவில்லை. என்னைப் போலவே இங்கே படிக்க வந்த நம் பிள்ளைகள் பலர் வகுப்பு, அறை, ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) என்று மூன்று இடத்துக்குள்ளேயே ஆண்டுகளைக் கழித்துவிட்டு ஊர் திரும்புவதைப் பார்க்கிறேன். அதைப் பார்க்க மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கு தொடங்கியது அறைத்தோழியிடம் இருந்து. பாங்காக்கில் இருந்து திரும்பியவள், "போக வர 140 வெள்ளிதான், நீயும் வந்திருக்கலாம்" என்றாள். ஆசையாக இருந்தது. அம்மா கொடுத்துவிட்ட நீள நோட்டு ஒன்று என்னிடம் இருந்தது. ஊரில் பால் கணக்கு எழுதுவோமே, அந்த மாதிரி நோட்டு. இரண்டு பேரும் உட்கார்ந்து அவளுடைய செலவை அதில் எழுதினோம். டிக்கெட் 140. பெட்டிக்குத் தனி. ராத்திரி விமானம் என்பதால் விடுதியில் இருந்து சாங்கி விமான நிலையத்துக்கு டாக்ஸி. அங்கே இறங்கி ஹோட்டலுக்கு டாக்ஸி. விமான நிலையத்திலேயே காசு மாற்றியதில் நஷ்டம். அறை, சாப்பாடு, கடைசி நாள் அறையைக் காலி செய்துவிட்டு மாலை வரை மாலில் உட்கார்ந்திருந்த செலவு. கூட்டினால் 500 வெள்ளியைத் தாண்டியது. அவளுக்கே அதிர்ச்சி.

அன்றைக்கு அந்தப் பக்கத்தின் தலைப்பில் "வாசல் கணக்கு" என்று எழுதினேன். என் அறை வாசலில் செருப்பு போட்டதில் இருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் வரை ஆகும் மொத்தம். டிக்கெட் விலை அதில் ஒரு வரிதான். இதற்குப் பிறகு எந்தப் பயணத்தையும் அந்தக் கணக்கு போடாமல் நான் தொடங்கியதில்லை.

முதல் பயணம் சிங்கப்பூருக்குள்ளேயேதான். 2 ஆம் எண் பஸ் பிடித்து சாங்கி வில்லேஜ் வரை போய், அங்கிருந்து படகில் புலாவ் உபின் என்ற குட்டித் தீவு. படகுக்கு 4 வெள்ளி. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும், அதுவரை காத்திருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்குள் வேறு உலகம். தகரக் கூரை வீடுகள், தென்னை, சேறு, சேவல் கூவும் சத்தம். சைக்கிள் வாடகைக்கு எடுத்து மத்தியானம் வரை சுற்றினேன். சாப்பாடு கையில் கொண்டுபோன தயிர்சோறு. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் சிங்கப்பூரில் நான் தண்ணீர் பாட்டில் வாங்குவதே இல்லை. அறையிலேயே பிடித்துக்கொண்டு போய்விடுவேன். அன்றைய செலவு 20 வெள்ளியைத் தொடவில்லை. வெளியே போய் வருவது குற்றம் இல்லை என்று மனசு ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

அப்புறம் மலேசியா. எங்கள் விடுதியில் இருந்த ஈப்போக்கார அக்கா ஒருவர், "ஜோகூர் ஒரு கூப்பிடு தூரம்தானே, ஏன் போகல?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அப்போது விசா வேண்டும், அதற்குத் தனிச் செலவு. 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா நமக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்று அறிவித்தது. அக்கா செய்தியை எடுத்துக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். 2024 பிப்ரவரி கடைசியில் வந்த ரிசெஸ் வாரத்தில் மூன்று பேராக மலாக்கா கிளம்பினோம். (இது காலவரம்பு வைத்து அறிவிக்கப்பட்டு, பிறகு நீட்டிக்கப்பட்ட சலுகை. கிளம்பும் முன் இன்றைய நிலையைப் பார்த்துவிட வேண்டும்.)

சிங்கப்பூரில் இருந்து மலாக்காவுக்கு நேரடி சொகுசு பஸ் உண்டு. நான் பார்த்தபோது ஒரு வழிக்கு 27 வெள்ளி. அக்கா அதைத் தொடவிடவில்லை. "பஸ்ஸ ஜோகூர்ல ஏறு. அதே ரோடு, அதே தூரம். இங்க வெள்ளியில கட்டுறத அங்க ரிங்கிட்ல கட்டுவ" என்றார். அப்போது ஒரு வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட். ஜோகூர் பாருவின் லார்க்கின் பஸ் நிலையத்தில் இருந்து மலாக்கா சென்ட்ரலுக்கு 25 ரிங்கிட், அதாவது ஏழு வெள்ளிச் சொச்சம். சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான். அதைத் தாண்டிப் போய் டிக்கெட் வாங்கினால் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இங்கே இருக்கும் மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய சேமிப்பு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கடற்பாலம் தாண்டுவதை முதல் தடவை செய்கிறவர்கள் குழம்பிவிடுவார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நாங்கள் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வெளியே 170 ஆம் எண் பஸ்ஸில் ஏறினோம். வங்கி அட்டையையோ ஈஸிலிங்க் பயண அட்டையையோ தட்டினால் போதும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்க வேண்டும். பையைச் சீட்டில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது, ஏனென்றால் நீங்கள் திரும்பி வரும்போது அந்த பஸ் அங்கே இருக்காது. குடிநுழைவு (இமிக்ரேஷன்) முடித்துக் கீழே வந்து அதே எண்ணுள்ள அடுத்த பஸ்ஸில் ஏற வேண்டும். சில நிறுவனங்களின் பஸ்களில் முதலில் கொடுக்கும் காகிதச் சீட்டைக் காட்டினால்தான் மறுபடி ஏற்றுவார்கள், அதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. பாலம் தாண்டியதும் மறுபடி இறங்கி, மலேசியக் குடிநுழைவு, சுங்கச் சோதனை. மறுபடியும் கீழே வந்து அதே எண் பஸ். லார்க்கின் வந்துவிடும். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். அது இலவசம். அதே பெயரில் பணம் கேட்கும் தளங்களும் இருக்கின்றன, ஏமாந்துவிடாதீர்கள்.

நேரம்தான் இதில் உயிர்நாடி. ஆயிரக்கணக்கான மலேசியர்கள் விடியற்காலையில் வேலைக்காக சிங்கப்பூருக்குள் வருவார்கள், மாலையில் திரும்புவார்கள். நாம் அந்த ஓட்டத்துக்கு எதிராகப் போக வேண்டும். வேலை நாளில் காலை எட்டு, ஒன்பது மணிக்கு இங்கிருந்து வெளியே போகிற பக்கம் கூட்டம் குறைவு. வெள்ளி மாலையும் சனி காலையும் போகவே கூடாது. ஞாயிறு மாலை திரும்பவும் கூடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். இரண்டாவது பயணத்தில் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஜோகூர்ச் சாவடிக்குள் நுழைந்தேன். மறுநாள் காலை எட்டரைக்கு எனக்கு ஆய்வகத் தேர்வு. வரிசை படிக்கட்டில் சுற்றி, கீழ்த்தளம் வரைக்கும் இறங்கியிருந்தது. முன்னால் ஒரு பாட்டி காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கைக்குழந்தைகளின் அழுகை. பஸ் வந்து நிற்கும், பத்து பேர் ஏறுவார்கள், கதவு மூடிக்கொள்ளும். பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்தது. விடுதிக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. தேர்வு எழுதினேன், ஆனால் எழுதியிருக்க வேண்டிய மாதிரி எழுதவில்லை. வாசல் கணக்கில் பணத்துக்குப் பக்கத்தில் "நேரம்" என்று இன்னொரு பத்தி வரைந்தது அதற்குப் பிறகுதான். மறுநாள் தேர்வோ வேலையோ இருந்தால் முந்தின நாள் மத்தியானத்துக்குள் எல்லை தாண்டிவிடுவேன்.

சரி, மலாக்கா. திங்கள் போய் புதன் திரும்பினோம். ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான். அது எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சந்தை இல்லாத நாளில் அறை விலை தானே இறங்கிவிடுகிறது. மூன்று பேருக்கு ஓர் அறை, இரவுக்கு 120 ரிங்கிட். அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் என்று வெளிநாட்டவருக்கு ஒரு சுற்றுலா வரி உண்டு. இணையத்தில் பதிவு செய்யும்போது பெரும்பாலும் அது கண்ணில் படாது, கவுண்டரில்தான் கேட்பார்கள். வாசல் கணக்கில் அதற்கும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் நடந்தோம். பொற்கொல்லர் தெரு என்று பொருள்படும் ஜாலான் துக்காங் எமாஸில் பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. 1781-இல் கட்டியது. அதே தெருவிலேயே கம்போங் கிளிங் பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளிச் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். விநாயகர் கோயில் மலாக்கா செட்டிகளுடையது. சுல்தான்கள் காலத்திலேயே வியாபாரத்துக்கு வந்து தங்கிவிட்ட தமிழர்களின் வம்சம். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது சிவனையும் விநாயகரையும் மாரியம்மனையும். கோயிலில் பூ எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா எங்களைப் பார்த்துச் சிரித்து மலாயில் ஏதோ கேட்டார். ஈப்போ அக்கா மொழிபெயர்த்தார். "எந்த ஊர்ப் பிள்ளைங்க" என்று கேட்கிறாராம். தஞ்சாவூர் என்றேன். அந்தப் பெயரை அவர் அப்படியே திருப்பிச் சொன்னார், ஒரே ஒரு தடவை. என் கையில் வாழைப்பழம் ஒன்றைக் கொடுத்தார். காசு கொடுத்து வாங்கக்கூடிய எந்தச் சுற்றுலாவிலும் அது வராது என்றுதான் எனக்குத் தோன்றியது. தெருவில் நடந்து போகிறவர்களுக்குத்தான் அப்படிப்பட்டவை கிடைக்கின்றன.

மூன்று நாளுக்கும் சேர்த்து எனக்கு ஆன வாசல் கணக்கு 81 வெள்ளி 40 காசு. அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

காசு மாற்றுவதில் கவனம் வேண்டும். ரிங்கிட் நோட்டாக வேண்டும் என்றால் தேக்காவில் சையத் ஆல்வி சாலைப் பக்கம் பணமாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு மாற்றுவேன். சாதாரண வங்கி அட்டையை வெளிநாட்டில் தேய்த்தால் நூற்றுக்கு மூன்று வெள்ளிக்குப் பக்கத்தில் கூடுதலாகப் போய்விடும். யூட்ரிப், வைஸ் மாதிரிப் பல நாணய அட்டை ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. அட்டை தட்டும்போது இயந்திரம் சில கடைகளில் "சிங்கப்பூர் வெள்ளியிலா, ரிங்கிட்டிலா" என்று கேட்கும். நமக்குப் பழகிய நாணயம் என்று வெள்ளியைத் தொட்டுவிடத் தோன்றும். தொடாதீர்கள். எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மாற்று விலையை அவர்கள் வைத்ததுதான்.

இன்னொன்றும் எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. வெளிநாட்டில் வாங்கி வரும் புதுப் பொருளுக்கு ஒரு தொகை வரை சிங்கப்பூரில் ஜிஎஸ்டி வரி கிடையாது என்று கேள்விப்பட்டிருப்போம். ஸ்டூடண்ட்ஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஜோகூரில் மலிவு என்று பெரிய பொருள் எதையாவது வாங்கினால் 9 விழுக்காடு வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், சாவடியில் நீங்களே போய்ச் சொல்லிக் கட்டிவிடுங்கள். படிக்க வந்த இடத்தில் சில வெள்ளிக்காகப் பெயரைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. சிகரெட், சூயிங்கம் பக்கமே போக வேண்டாம், நண்பர்கள் கேட்டாலும் சரி.

கோலாலம்பூருக்கு ராத்திரி பஸ்ஸில் போனேன். லார்க்கினில் நள்ளிரவில் ஏறினால் நாலரை வாக்கில் டிபிஎஸ் பஸ் நிலையத்தில் விட்டுவிடும். ஓர் இரவு அறை வாடகை மிச்சம். மலேசிய பஸ்களில் ஒரு பக்கம் இரண்டிரண்டாக, மறு பக்கம் ஒற்றைச் சீட்டாக இருக்கும். தனியாகப் போகும் பெண்கள் டிரைவருக்குப் பின்னால் உள்ள முன் வரிசைகளில் ஒற்றைச் சீட்டாகப் பார்த்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு ரிங்கிட் இரண்டு ரிங்கிட் கூட ஆனாலும் பரவாயில்லை. விடியும் வரை டிபிஎஸ் உள்ளேயே இருங்கள், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும் இடம், முகம் கழுவ வசதி உண்டு. அங்கேயே நடைபாலம் வழியாக பண்டார் தாசேக் செலாத்தான் ரயில் நிலையத்துக்குப் போய் கேடிஎம் கொமுட்டர் பிடித்தால் நேரே பத்துமலை. காலை வெயிலுக்கு முன்னால் 272 படியையும் ஏறிவிடலாம். 140 அடி முருகன் பக்கத்தில் கூட்டமே இல்லாமல் நிற்பது அந்த நேரத்தில்தான் வாய்க்கும். குரங்குகள் மட்டும் விழித்திருக்கும், கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். தைப்பூச வாரத்தில் மலிவுப் பயணம் என்று கிளம்பாதீர்கள். பக்திக்குப் போகலாம், தாராளமாக. ஆனால் அந்த நாள்களில் பஸ் சீட்டும் அறையும் மலிவில் கிடைப்பது கஷ்டம்.

ஒன்று சொல்ல வேண்டும். இரவு பஸ்ஸை ஒரு பயணத்தில் ஒரு தடவைக்கு மேல் வைக்காதீர்கள். போகும்போதும் வரும்போதும் இரவு பஸ் என்று ஒரு தடவை போய் வந்து, மூன்று நாள் காய்ச்சலில் படுத்தேன். மருத்துவரிடம் கொடுத்தது இரண்டு இரவு அறை வாடகையைவிட அதிகம்.

ஊருக்குப் போகும் விமானத்தைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். டிசம்பர், தீபாவளி, பொங்கல், அப்புறம் இங்கே பள்ளி விடுமுறை விடும் ஜூன் மாதம், இந்த நாள்களில் திருச்சி டிக்கெட் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். பல்கலைக்கழக விடுமுறை மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை இருப்பதால் நான் ஜூலையில் போய்விடுவேன். கோலாலம்பூர் வழியாகப் போனால் இன்னும் மலிவு என்று பலர் சொல்வார்கள். ஒரு காரணம் உண்டு. சாங்கியில் இருந்து புறப்படும் ஒவ்வொரு டிக்கெட்டுக்குள்ளும் விமான நிலையக் கட்டணமும் வரிகளுமாக 60 வெள்ளிக்கு மேல் ஒளிந்திருக்கிறது. ஆனால் பெட்டியோடு கடற்பாலம் ஏறி இறங்கி, லார்க்கினில் பஸ் மாறி, விமான நிலையம் போய்க் காத்திருந்து பார்த்தேன். வாசல் கணக்கில் மிஞ்சியது 22 வெள்ளி. அதற்கு ஒரு முழு நாள் போய்விட்டது. பையோடு மட்டும் போகிறவர்களுக்கு அது சரிவரும், ஊருக்குப் பெட்டியோடு போகிறவர்களுக்கு வராது. மலேசியாவுக்குள்ளேயே பினாங்கு, கூச்சிங் என்று பறப்பதாக இருந்தால் அது வேறு. ஜோகூரில் செனாய் விமான நிலையத்தில் இருந்து உள்நாட்டு விமானம் ஏறுங்கள். உள்நாட்டுப் பயணத்துக்கு விமான நிலையக் கட்டணம் சில வெள்ளிதான்.

பெட்டி விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஊரில் இருந்து திரும்பும்போது, மலிவு என்று பெட்டி சேர்க்காத டிக்கெட்டாக வாங்கியிருந்தேன். கைப்பை மட்டும்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினாள். கடைசி நாள் ராத்திரி பார்த்தால் பையில் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, வடகம், நாரத்தங்காய் ஊறுகாய் ஜாடி. ஜாடி வாயை வெள்ளைத் துணி போட்டுக் கட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் சுற்றி, நூலால் எட்டு சுற்று சுற்றியிருந்தாள். திருச்சி விமான நிலையக் கவுண்டரில் எடை நாலு கிலோ கூடுதல். எண்ணெய் ஊறுகாய் கைப்பையில் போகவும் போகாது. எடுத்து வைத்துவிடலாமா என்று ஜாடியைக் கையில் எடுத்தேன். நூல் முடிச்சைப் பார்த்ததும் கை வரவில்லை. பணத்தைக் கட்டிவிட்டேன். கட்டிய தொகை ஒரு விமான டிக்கெட் விலையில் பாதி. டிக்கெட் எடுக்கும்போதே 20 கிலோ சேர்த்திருந்தால் அதில் சிறு பங்குதான் ஆகியிருக்கும். நம் வீடுகளில் வெறும் கையோடு அனுப்ப மாட்டார்கள். அதைக் கணக்கில் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்க வேண்டும். தேக்காவில் பத்து வெள்ளிக்கு ஒரு கைத்தராசு வாங்கி ஊரில் வைத்துவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் அம்மாவே நிறுத்துப் பார்த்துக் கட்டுகிறாள்.

சேமிக்கக் கூடாத இடம் என்று மூன்று வைத்திருக்கிறேன். ஒன்று பயணக் காப்பீடு. பல்கலைக்கழகத்தின் மருத்துவக் காப்பீடு எல்லை தாண்டினால் எந்த அளவுக்குச் செல்லும் என்பதைக் கிளம்பும் முன் படித்துப் பாருங்கள், போதாவிட்டால் தனியாக எடுங்கள். இரண்டு, இருட்டிய பிறகு தெரியாத ஊரில் அறைக்குப் போகும் வண்டி. மூன்று, ஆவணங்கள். புதிதாக வந்தவர்களின் அனுமதிக் கடிதம் ஒரே ஒரு தடவை உள்ளே வருவதற்குத்தான் செல்லும். ஸ்டூடண்ட்ஸ் பாஸ் முறைப்படி கைக்கு வருவதற்கு முன்னால் "ஜோகூர்தானே" என்று தாண்டிவிட்டால் திரும்பி வருவது சிக்கலாகிவிடும். பாஸ் வந்த பிறகு விமானத்தில் திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். தரைவழியாக வந்தால் பாஸ் வைத்திருக்கும் நமக்குத் தேவையில்லை.

2025 மே மாதம் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். ஊரில் கோடை விடுமுறை என்பதால் டிக்கெட் விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் வயலில் வேலை இல்லாத மாதம் அதுதான், மேட்டூர் திறந்துவிட்டால் அப்பாவை நகர்த்த முடியாது. மலாக்கா கூட்டிப்போக வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை உள்ளே வர அனுமதிக்கும் விசாதானா என்று பார்த்துக்கொண்டேன். ஒரு தடவை மட்டும் வரும் விசா என்றால் ஜோகூர் போனவர்கள் இங்கே திரும்ப முடியாது. சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் தரைவழியாகத் திரும்பும்போதும் வருகை அட்டை நிரப்ப வேண்டும் என்பதால் அதையும் இரண்டு பேருக்கும் முன்கூட்டியே போனில் நிரப்பி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை. கூட்டமில்லை. கிராஞ்சியில் 170 பிடித்தோம். உட்லண்ட்ஸில் இறங்கி ஏறும்போது அம்மா என் கையை விடவே இல்லை. அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவின் நோட்டைக் கையில் வைத்திருந்தார். பஸ் கட்டணத்தை அன்றைக்கு அவர்தான் எழுதினார்.

பஸ் பாலத்தின் மேல் ஏறியதும் ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். சாலையை ஒட்டியே பெரிய பெரிய குழாய்கள் கூடவே ஓடி வந்தன.

"இது என்னம்மா, எண்ணெயா?"

"தண்ணிப்பா. மலேசியால இருந்து சிங்கப்பூருக்குப் போகுது. 1962-ல போட்ட ஒப்பந்தம். ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரைக்கும் எடுத்துக்கலாம். 2061 வரைக்கும் செல்லுமாம்."

"வருஷம் முழுக்கவா?"

"ஆமாப்பா."

அப்பா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, பாலம் முடியும் வரைக்கும் அந்தக் குழாய்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஜோகூர்ச் சாவடியில் பஸ் நின்றதும்தான் திரும்பினார்.

"எந்த ஆத்துத் தண்ணிம்மா அது?"